வெள்ளைக் குதிரை வரும் பாட்டு

பழைய படங்களைப் பற்றி யாராவது உருகிப் பேசினால் எனக்கு எரிச்சல் வரும். அப்பாவும் நானும் வீட்டில் உட்கார்ந்து பார்த்த அளவுக்குப் பழைய படம் பார்த்தவர்கள் கொடைக்கானல் பக்கத்து அட்டுவம்பட்டியில் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள். ஒன்றைக்கூட ரசிப்பதற்காகப் பார்க்கவில்லை. அம்மாவைத் தேடித்தான் பார்த்தோம்.

விஷயத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன். என் அம்மாவுக்குப் போட்டோ கிடையாது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அவள் சின்னப்பிள்ளையாக, தன் அப்பாவின் பாஸ்போர்ட்டில் ஒட்டிக்கொண்டு வந்தவள். அந்தப் பாஸ்போர்ட் ஒரு மழைக்காலத்தில் ஒழுகும் கூரைக்குக் கீழே கூழாகிப் போனது. கல்யாணம் மாரியம்மன் கோயில் வாசலில், போட்டோக்காரர் இல்லாமல் நடந்தது. அந்தக் காலத்து ரேஷன் கார்டில் படம் ஒட்ட மாட்டார்கள். எனக்கு விவரம் தெரிவதற்கு முன்பே, அடுத்த பிரசவத்தில், அவளும் போனாள், பிள்ளையும் போனது. அவள் முகம் அதன் பிறகு அப்பாவின் ஞாபகத்தில் இருந்தது. இன்னொரு இடத்திலும் இருக்கலாம் என்று அப்பா நம்பினார். பேர் தெரியாத ஒரு சினிமாவில்.

நான் பிறப்பதற்கு முன்னால் மெட்ராஸிலிருந்து ஒரு சினிமாக் கம்பெனி எங்கள் ஊருக்கு வந்திருக்கிறது. கதை தேயிலைத் தோட்டத்தில் நடக்கிறதாம். கொடைக்கானலில் ஏது அவ்வளவு தேயிலை? எங்கள் வீடுகளுக்கு மேலே இருந்த சரிவில் வேலிக்கு வைத்திருந்த செடிகளைக் கத்தரித்து, இதுதான் தேயிலை என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள். கொழுந்து பறிக்கப் பெண்கள் வேண்டும் என்றதும், "சிலோன்காரங்க இருக்காங்கல்ல" என்று யாரோ கைகாட்டியிருக்கிறார்கள். ஜீப் வந்து எங்கள் வரிசை வீட்டுப் பெண்களை அள்ளிக்கொண்டு போனது. கதாநாயகன் வெள்ளைக் குதிரையில் வருவான், பெண்கள் கூடையோடு நின்று அவனைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். பாட்டுக் காட்சி. அவர்களுடைய வேலை அவ்வளவுதான்.

அப்பா அந்த வாரம் ஆடலூரில் காப்பிப்பழம் பறிக்கப் போயிருந்தார். திரும்பி வந்ததும் அம்மா அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறாள். கூடையை இடுப்பில் வைக்கச் சொன்னார்களாம். தோட்டத்தில் கூடையின் கயிறு தலையில் இருக்கும், கூடை முதுகில் தொங்கும், அப்போதுதான் இரண்டு கையும் செடிக்கு வரும். இடுப்பில் கூடையை வைத்துக்கொண்டு எந்த ஊரில் கொழுந்து பறிக்கிறார்கள்? அந்த இலையை வாயில் வைத்தால் ஆடுகூடத் துப்பிவிடும் என்றாளாம். படத்தின் பேர் என்ன என்று கேட்டதற்கு, பேர் இன்னும் வைக்கவில்லை என்று கம்பெனிக்காரர்கள் சொல்லியிருக்கிறார்கள். பிறகு பேர் வைத்தார்களா, படம் வந்ததா, எதுவும் தெரியவில்லை. நான் பிறந்தேன், அவள் செத்தாள். அப்பாவுக்குத் தியேட்டர் வாசலை மிதிக்கும் மனசே போய்விட்டது.

இரண்டாயிரத்துக்குப் பிறகுதான் விசிடி எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு வந்தது. நான் மூஞ்சிக்கல்லில் ஒரு சாக்லேட் கடையில் பொட்டலம் போடும் வேலையில் இருந்தேன். என் கல்யாணம் முறிந்து அப்பாவிடமே திரும்பியிருந்தேன். அந்தக் கதை இங்கே வேண்டாம். ஒரு லாட்ஜில் கழித்துப்போட்ட டிவி வந்தது, அதன் மேல் ஒரு பிளேயர் வந்தது. முதல் நாளே அப்பா சொன்னார்: "புள்ள, அந்தக் குதிரப் படம் இருக்கான்னு கேளு. உங்கம்மா அதுலதான் கெடக்கா."

சிடி வாடகைக் கடைக்காரர் என்னைவிட வயதானவர், நல்ல மனுஷன். "படத்து பேரச் சொல்லுங்க மேடம். ஹீரோ யாரு, அதையாவது சொல்லுங்க" என்றார். ஹீரோ யார் என்று அம்மாவுக்கே தெரியாது. தொப்பி போட்டுக்கொண்டு சிவப்பாக இருந்தான் என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். அந்தக் காலத்தில் தொப்பி போட்டுச் சிவப்பாக இல்லாத ஹீரோ யார் இருந்தான்? கடைக்காரர் தலையைச் சொறிந்துவிட்டு, மலை வருகிற பழைய படத்தையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார்.

எங்களுக்கென்று ஒரு முறை இருந்தது. எனக்கு வேலையில்லாத நாளில், மத்தியானம் சாப்பிட்டுவிட்டு உட்காருவோம். வசனத்தையெல்லாம் ஓட்டிவிடுவேன். பாட்டு வந்தால், அதிலும் மலையும் கும்பலும் வந்தால், "நிறுத்து" என்பார். நிறுத்துவேன். அப்பா எழுந்து போய் டிவிக்கு முன்னால் குந்தி, ஒவ்வொரு முகத்தின் கீழும் கட்டைவிரலை வைத்துப் பார்ப்பார். கதாநாயகிக்குப் பின்னால் நின்று கைதட்டும் பெண்கள், குடத்தோடு போகும் பெண்கள், தூரத்தில் புள்ளியாகத் தெரியும் பெண்கள். உலகத்தில் யாருமே பார்க்காத முகங்களை என் அப்பா பார்த்தார். "இல்ல. போடு" என்று திரும்பி வந்து உட்காருவார்.

கடைசியில் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லுவார். நானும் சொல்லுவேன். எங்கள் விமர்சனம் அவ்வளவுதான்.

ஒரு பணக்காரப் பெண் ஏரியைச் சுற்றிக் கார் ஓட்டுகிறாள், சைக்கிளில் வந்தவனை இடித்துக் காதலிக்கிறாள். என் கருத்து: ஏரி நன்றாக நடித்திருந்தது. அப்பாவின் கருத்து: "சோலி இல்லாத பயலுக."

பங்களாவில் பேய் உலாவும் படம் ஒன்று. பேயைவிட அதில் வந்த மேகம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. தரையில் தவழ்ந்து வந்தது. எங்கள் ஊர் மேகம் கதவைத் திறந்தால் உள்ளே வந்து துணியை ஈரமாக்கிவிட்டுப் போகும். இது சாம்பிராணிப் புகை. அப்பா, "பேய் நல்லாத்தான் பண்ணிருக்கு, பாவம்" என்றார்.

தோட்டத் தொழிலாளிகளுக்காக ஒருவன் போராடும் படம். லயத்து அறையில், அதாவது கூலிக்காரர்களின் ஒற்றை அறை வரிசை வீட்டில், ஆள் உயரக் கண்ணாடியும் கட்டிலும் இருந்தன. அப்பா அதைப் பாதியில் நிறுத்தச் சொன்னார். "எங்க லயத்துல காலு நீட்டுனா அடுப்புல இடிக்கும். இவனுக்குக் கட்டிலு கேக்குது."

பிரிந்துபோன அண்ணன் தம்பி குடும்பப் பாட்டைப் பாடி ஒன்றுசேரும் படங்கள் எத்தனையோ. இரண்டு நாட்டு ஒப்பந்தத்தில் ஆட்களைப் பிரித்தபோது அப்பாவின் அண்ணனுக்கு இலங்கைக் குடியுரிமை எழுதிவிட்டார்கள், அவர் அங்கேயே தங்கிவிட்டார். அதன் பிறகு இருக்கிறாரா என்றுகூடத் தெரியாது. அண்ணன் தம்பி கட்டிப்பிடித்து அழும் இடத்தில் அப்பா எழுந்துபோய்க் கோழியைக் கூடையால் மூடிவிட்டு வருவார். அந்தப் படங்களைப் பற்றி அவர் கருத்தே சொன்னதில்லை. நான் சொல்கிறேன்: மகா பொய். அந்தப் பொய்க்குக் காசு வாங்கியவர்கள் நன்றாக இருக்கட்டும்.

எனக்கு ஆகவே ஆகாத ஒன்று எல்லாப் படத்திலும் இருந்தது. அம்மா செத்துப்போவாள். அடுத்த காட்சியில் கூடத்துச் சுவரில் அவளுடைய பெரிய போட்டோ தொங்கும். மாலை, பொட்டு, சின்னதாக ஒரு சிவப்பு பல்பு. ஹீரோ வேலை கிடைத்தால் அந்தப் போட்டோவிடம் சொல்லுவான், காதலித்தால் சொல்லுவான், அடிபட்டு வந்தால் அதன் கீழே சாய்ந்து அழுவான். குடிசை வீட்டுக் கதையிலும் இதே போட்டோ. சோற்றுக்கு வழியில்லாதவன் வீட்டில் இவ்வளவு பெரிய போட்டோவை யார் எடுத்தது என்று கேட்க யாருமில்லை. அந்த ஹீரோக்களைப் பார்த்து நான் வயிறு எரிந்திருக்கிறேன். பேசுவதற்கு ஒரு சுவர் இருந்தது அவன்களுக்கு.

பூம்பாறையில் ஒரு பாட்டி இருப்பதாகத் தெரியவந்தது. அன்றைக்கு அம்மாவோடு அந்த வரிசையில் நின்றவர்களில் அவர் ஒருவர்தான் மிச்சம். மகள் வீட்டு வாசலில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். நானும் அப்பாவும் பஸ் ஏறிப் போய்ப் பார்த்தோம். படத்தின் பேர் அவருக்கும் தெரியவில்லை. ஹீரோவை நினைவில்லை. பிரியாணிப் பொட்டலத்தில் முட்டை இருந்தது மட்டும் நினைவிருந்தது. கிளம்பும்போது, தேத்தண்ணி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"ஒங்க வீட்டுக்காரிக்குத்தான் அன்னைக்கி டைரக்டர்கிட்ட ஏச்சு விழுந்துச்சு. அவ்வளவு பேர்லயும் அவளத்தான் பேர் சொல்லிக் கூப்புட்டு ஏசுனாரு."

"எதுக்கு ஏசுனாங்க?" என்று அப்பா கேட்டார்.

"அது எங்க ஞாபகம் இருக்கு! ஏசுனாரு, அவ சிரிச்சா."

பஸ்ஸில் வரும்போது அப்பாவின் முகமே வேறாக இருந்தது. "டைரக்டரே தனியா கவனிச்சிருக்காருன்னா, அவ முகம் கேமராவுல நல்லா விழுந்துருக்கு புள்ள. இல்லாட்டி எதுக்கு ஏசப் போறாரு?" என்றார். ஒரு ஏச்சைப் பிடித்துக்கொண்டு அந்த மனுஷன் பல மாதம் வாழ்ந்தார். எனக்கும் தொற்றிக்கொண்டது. சாக்லேட்டைத் தாளில் சுற்றும்போதெல்லாம் அந்த முகத்தை யோசிப்பேன். என் முகத்தைக் கண்ணாடியில் பார்த்து, இதில் எது அவளுடையது என்று தேடுவேன்.

அதற்கிடையில்தான் அப்பாவின் கண் போக ஆரம்பித்தது. முதலில் ஓரத்தில் வருகிறவர்கள் தெரியவில்லை என்றார். மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கண்ணுக்குள் அழுத்தம், நரம்பு வாடிவிட்டது, போன பார்வை திரும்பாது, இருப்பதைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாற்றப் பாருங்கள் என்றார் டாக்டர். அந்தச் சமயத்தில் நாங்கள் பார்த்த ஒரு படத்தில், பிறவியிலேயே பார்வையில்லாத பெண்ணுக்குக் கண்ணில் போட்ட கட்டைப் பிரித்ததும் கடவுள் சிலை பளிச்சென்று தெரிந்தது. அப்பா டிவிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "இவளுக்கு மட்டும் வெரசா வந்துருச்சு பாரு" என்றார். நான் சிரித்தேன், பிறகு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

நன்றாக யோசித்துப் பாருங்கள். அவளைத் தெரிந்தவருக்குக் கண் போகிறது. கண் இருக்கிற எனக்கு அவளைத் தெரியாது. இரண்டுக்கும் நடுவில் அந்தப் படம் வந்து சேர வேண்டும், வெரசாக வர வேண்டும். கடைக்காரரைப் படுத்தி எடுத்தேன். வத்தலக்குண்டு, திண்டுக்கல் கடைகளுக்கெல்லாம் போன் போட்டுக் கேட்கவைத்தேன். மனுஷன் முகம் சுளிக்கவில்லை.

அப்பாவிடம் அடையாளம் கேட்டு வைத்துக்கொண்டேன். நெற்றி அகலம், மூக்குத்தி இடது பக்கம், முன்பல் கொஞ்சம் தூக்கல். சில மாதம் கழித்து மறுபடி கேட்டபோது மூக்குத்தி வலது பக்கம் போயிருந்தது. பல்வரிசை அழகு என்றார். "தூக்கல்னு சொன்னீங்களேப்பா" என்றேன். "அப்படியா சொன்னேன்?" என்று கேட்டார். அடுத்த நாள் வெள்ளனே எழுந்து வந்து, "அது என் அண்ணன் பொண்டாட்டி பல்லு புள்ள. உங்கம்மாவுக்கு எப்படி இருந்துச்சுன்னு தெரியலையே" என்று வாசற்படியில் உட்கார்ந்து அழுதார். கண் மட்டும் போகவில்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. நான் அவர் தோளைத் தொடக்கூட இல்லை. எனக்குப் பயமாக இருந்தது.

அரசாங்கம் இலவசக் கலர் டிவி கொடுத்தபோது, அதன் முன்னால் உட்கார்ந்திருந்தவருக்கு வெளிச்சம் ஆடுவது மட்டும் தெரிந்தது. அப்போதும் உட்கார்ந்தார். பார்ப்பது என் வேலையாகவும், கேட்பது அவர் வேலையாகவும் ஆனது. "யாரெல்லாம் நிக்குறாக, சொல்லு" என்பார். நான் சொல்லுவேன். படங்களைப் பற்றிய அவர் கருத்தும் நின்றுவிட்டது. என் கருத்தும் ஒன்றுதான்: எல்லாப் படமும் நீளம்.

மழை விட்டும் விடாமலும் இருந்த ஒரு மத்தியானம் அது வந்தது. திண்டுக்கல்லில் மூடிய கடை ஒன்றிலிருந்து வந்த சிடிகளில், அட்டை இல்லாத ஒன்றைக் கடைக்காரர் எனக்கென்று எடுத்து வைத்திருந்தார். படம் படுமோசம். இப்போதும் அதுதான் என் கருத்து. வெளிநாட்டில் படித்துவிட்டுத் தோட்டத்துக்கு வரும் முதலாளி மகன், கணக்குப்பிள்ளையின் மகளைக் காதலிக்கிறான். ஹீரோவுக்கு அப்பா வயசு இருக்கும். கலர் போய் எல்லாரும் மஞ்சள்காமாலை வந்தவர்கள் மாதிரி இருந்தார்கள். நான் பாதிக் கவனத்தில் ஓட்டிக்கொண்டிருந்தேன். பாட்டு ஆரம்பித்தது. சரிவு தெரிந்தது. அந்தச் சரிவில் இப்போது காட்டேஜ் கட்டியிருக்கிறார்கள், ஆனால் அதற்குப் பின்னால் இருக்கும் மொட்டைப் பாறையை நான் தினமும் பார்க்கிறேன். வேலிச்செடி வரிசை. இடுப்பில் கூடை.

"அப்பா" என்றேன். குரலிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது.

"குதிர இருக்கா?"

"வருதுப்பா. வெள்ளைக் குதிரை. தொப்பி போட்டிருக்கான். காக்கிக் கால்சட்டை, முட்டி வரைக்கும் பூட்ஸ், கையில சவுக்கு."

"தொரை வேசம்" என்றார் அப்பா. "சொல்லு, சொல்லு."

பாதையோரம் பெண்கள் வரிசையாக நின்றார்கள். குதிரை பக்கத்தில் வந்ததும் ஒவ்வொருத்தியும் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். சொல்லிக்கொடுத்த சிரிப்பு, நன்றாகவே சிரித்தார்கள். பூம்பாறைப் பாட்டியைக்கூட அடையாளம் கண்டுபிடித்தேன். கடைசிக்கு முந்தின பெண்ணிடம் குதிரை வந்தபோது அவள் மட்டும் சிரிக்கவில்லை. பாதையிலிருந்து சட்டென்று கீழே இறங்கி, கூடையைக் காலடியில் வைத்துவிட்டு, தலைத்துணியை முன்னால் இழுத்து, கையைக் கட்டிக்கொண்டு குனிந்து நின்றாள். குதிரை அவளைத் தாண்டிப் போனது. கேமராவும் குதிரையோடு போய்விட்டது.

நான் நிறுத்தினேன். பின்னால் ஓட்டினேன். நிறுத்திய இடத்தில் படம் லேசாக நடுங்கியது. தலைத்துணி, ஒரு மணிக்கட்டு, கண்ணாடி வளையல், கூடை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் துணியின் மடிப்பு இருந்தது.

"என்ன புள்ள, பேசாம இருக்க? அவ இருக்காளா?"

நான் கண்டதைச் சொன்னேன். ஒருத்தி மட்டும் கீழே இறங்கிக் குனிந்துவிட்டாள் என்று சொன்னேன்.

அப்பாவுக்கு உடனே புரிந்தது, எனக்கும் சொன்னார். இலங்கைத் தோட்டத்தில் துரை குதிரையில் வந்தால், பாதையில் நிற்கிற ஆள் கீழே இறங்கிக் கூடையை வைத்துவிட்டுக் குனிய வேண்டும். நிமிர்ந்து பார்த்தால் அன்றைக்குப் பேர் போடமாட்டார்கள், கூலி போச்சு. நடக்கப் பழகும்போதே பிள்ளைகளுக்கு அதையும் பழக்கியிருப்பார்கள். மற்றப் பெண்கள் அது சினிமாத் துரை என்று ஞாபகம் வைத்துக்கொண்டார்கள். என் அம்மாவுக்குக் குதிரைக் குளம்புச் சத்தம் கேட்டதும் மறந்துவிட்டது. டைரக்டர் எதற்கு ஏசினார் என்பது எங்களுக்கு அந்த மத்தியானம் விளங்கியது. ஏசிவிட்டு, திரும்ப எடுக்காமல் அப்படியே விட்டுவிட்டார்.

"அவதான்" என்றார் அப்பா. பிறகு, "முகம்?" என்றார்.

தெரிகிறது என்று சொல்லியிருக்கலாம். அகல நெற்றி, இடதுபக்கம் மூக்குத்தி என்று அவர் கொடுத்ததையே அவருக்குத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். எனக்கு வாய் வரவில்லை. "தெரியலப்பா" என்றேன்.

அவர் எழுந்து, காற்றில் கையைத் துழாவி டிவியைப் பிடித்து, அதன் முன்னால் குந்தினார். "எங்க இருக்கா, காட்டு" என்றார். அவர் கட்டைவிரலைப் பிடித்து அந்தத் துணி மடிப்பின் கீழே வைத்தேன். விரல் அங்கேயே இருந்தது. கண்ணாடியில் அவர் மூச்சு படிந்து படம் மங்கியது, நான் துடைத்துவிட்டேன்.

"தொரை போயிட்டான் புள்ள, நிமிரு" என்றார். என்னையும் புள்ள என்றுதான் கூப்பிடுவார். அது எனக்குச் சொன்னதல்ல.

கொஞ்ச நேரம் கழித்து, "இன்னொரு தடவ போடு. குதிர போனப்புறம் நிமிர்றாளான்னு பாரு" என்றார்.

போட்டேன். குதிரை வந்தது, மற்றவர்கள் சிரித்தார்கள், அவள் இறங்கிக் கூடையை வைத்துவிட்டுக் குனிந்தாள், குதிரை போனது.

"நிமிர்ந்தாளா?"

"இல்லப்பா."

"மறுபடி போடு" என்றார்.